நடுவில் ஒரு ‘ம’

எங்கள் தீவுப் பக்கத்தில் அவதி என்றால் அவசரம். ‘அவதிப்படாதை’ என்று ஒருவர் சொன்னால், ஓடாதே, பறக்காதே என்று பொருள். ஒருமுறை எங்களோடு பஸ்ஸில் வந்த வெளியூர்க்காரர் ஒருவர் இந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு, “அந்தப் பிள்ளைக்கு அப்படி என்ன துன்பம்?” என்று என்னிடம் விசாரித்தார். துன்பமும் இல்லை மண்ணும் இல்லை ஐயா, பஸ் பிடிக்க ஓடி வருகிறாள் என்றேன். அப்போது எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

ஓடி வந்தவள் சுருவில்காரி. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அவளுக்கும் ஒரு பெயர் இருந்தது. ஆனால் பஸ்ஸில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவதியக்கா என்போம். கொண்டக்டர் அண்ணைக்கு அதுவும் நீளம். “அவதி வருது, நிப்பாட்டு!” என்று சாரதியைப் பார்த்துக் கத்துவார்.

காலையில் சுருவிலிலிருந்து சைக்கிளில் புளியங்கூடலுக்கு வருவாள். கடை மதிலோடு சைக்கிளைச் சாத்துவாள். சாத்துவாள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், எறிவாள். பாதி பின்னிய தலை, வாயில் ரிபன், தோளில் தொங்குகிற பை, ஒரு காலில் மட்டும் சரியாக மாட்டிய செருப்பு. அவள் வந்து சேரும்வரை பஸ்ஸைப் பிடித்து வைப்பது என் வேலை. ஒரு காலைப் படியில் வைத்து மற்றக் காலை றோட்டில் ஊன்றிக்கொண்டு நிற்பேன்.

“தங்கச்சி, ஒண்டில் ஏறும், இல்லாட்டி இறங்கும். உதென்ன நடுவிலை நிண்டு கூத்து?”

“அவ வாறா அண்ணை. உங்கை பாருங்கோ, வாறா.”

ஏறியதும் எனக்கு ஒரு நன்றி கிடையாது. “தள்ளியிரடி. இண்டைக்குச் சேர் சங்கிலி விதி தொடங்குவார்” என்பாள், மூச்சு வாங்க, ரிபனை வாயிலிருந்து எடுக்காமலே.

யாழ்ப்பாணத்தில் இணைந்த கணித ரியூசனுக்கு நாங்கள் இருவரும் போய்க்கொண்டிருந்தோம். எனக்கு அது முதலாவது உயர்தரப் பரீட்சை. அவளுக்கு மூன்றாவது. மூன்று தரத்துக்கு மேல் எழுதினால் பல்கலைக்கழகத்துக்கு எடுக்க மாட்டார்கள். ஆகவே அவளுக்கு அதுதான் கடைசி.

கணக்குத் தெரியாமல் இரண்டு தரம் தவறியவள் என்று நினைத்துவிட வேண்டாம். கணக்கு அவளுக்குக் கொட்டிக் கிடந்தது. அதிலும் வகையிடுதல் என்றால் சொல்லத் தேவையில்லை. எங்களுக்கெல்லாம் x இன் அடுக்கு ஒன்றைக் கண்டால் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவளுக்கு அது கடலை கொறிக்கிற வேலை. “தலையிலை இருக்கிறதை இறக்கி முன்னுக்கு வை. தலையிலை ஒண்டைக் குறை. தனிய நிக்கிற நம்பரைத் தூக்கி எறி. அவ்வளவுதானே, இதுக்கென்னடி யோசினை?”

ஒருநாள் சேர் கரும்பலகையில் x என்று எழுதி, அடுக்கை எழுதுவதற்குச் சோக்கட்டியை உயர்த்தினார். அதற்குள் இவள் “நாலு எக்ஸ் கியூப்” என்றாள். சேர் திரும்பினார்.

“பிள்ளை, நான் இன்னும் அடுக்கே எழுதேல்லை. நீர் எதை வகையிட்டனீர்?”

“நீங்கள் எழுதப் போறதை, சேர்.”

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. சேர் சிரிக்கவில்லை. நாலு எழுதப் போனவர் வேண்டுமென்றே ஏழு என்று எழுதினார். பிறகு சோக்கை வைத்துவிட்டு, “உமக்குக் கணிதம் தெரியும். கேள்விதான் தெரியாது. கேள்வியை வாசிக்க ஆரும் மார்க்ஸ் தாறதில்லை எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறீர்” என்றார். அவள் தலையாட்டினாள். தலையாட்டும்போதே ஏழு எக்ஸின் ஆறாம் அடுக்கு என்று கொப்பியில் எழுதி முடித்திருந்தாள்.

அந்தச் சேரிடம் விளங்காதது எனக்கு அவளிடம் பஸ்ஸில் விளங்கியது. எங்கள் கணிதத்தில் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று பெறுமதி. கடையில் ஒரு சாமானைத் தூக்கிப் பார்க்கிற நாளிலிருந்தே எல்லோருக்கும் தெரிந்த சொல். x க்கு ஓர் எண்ணைப் போட்டால் சார்புக்கு என்ன வருகிறதோ அது பெறுமதி. மற்றது பெறுதி. வகையிட்டால் வருவது பெறுதி. இது பாடப்புத்தகத்துக்கு வெளியே எங்கும் உயிர் வாழாத சொல். நடுவில் ஒரு ‘ம’. அவ்வளவுதான் வித்தியாசம். இந்த இரண்டையும் ஒரே பாடத்துக்குள், ஒரே வரிக்குள் கொண்டுவந்து வைத்த புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது. கையில் அகப்பட்டால் நாலு கேட்காமல் விடமாட்டேன்.

“எனக்கு உது ரெண்டும் ஒண்டாத்தான் கிடக்கு அக்கா” என்று ஒருநாள் பண்ணைப் பாலத்தில் போகும்போது சொன்னேன்.

“விசரி. இப்ப பஸ் எங்கை?”

“பாலத்திலை.”

“அது பெறுமதி. இந்த நிமிசம் அது எவ்வளவு அவதியாப் போகுது? அது பெறுதி. பெறுமதி எண்டா இடம், பெறுதி எண்டா அவதி. முடிஞ்சுது.”

யாரோ மீன் வாங்க இறங்குவதற்காக பஸ் நடுப்பாலத்தில் நின்றது. உடனே என் தொடையில் தட்டினாள். “பார், பார்! இப்ப பெறுதி சைபர். அதுக்காக பஸ் இல்லாமலோ போச்சு? இடம் கிடந்த மாதிரியே கிடக்கு. விளங்கிச்சோ?”

விளங்கியது. அதற்குப் பிறகு எனக்கு அதில் ஒரு நாளும் பிழைத்ததில்லை.

அவள் முதல் தரம் தவறியது எப்படியென்றால், வினாத்தாளில் இரண்டு பக்கங்களை ஒன்றாகப் புரட்டிவிட்டாள். நடுப் பக்கத்தை அவள் பார்க்கவே இல்லை. மண்டபத்திலிருந்து எல்லோருக்கும் முதல் வெளியே வந்து, ‘இந்தமுறை கேள்வி குறைவு என்ன?’ என்று கேட்டாளாம். இரண்டாம் தரம் இன்னும் வடிவு. ஏழு கேள்வியில் ஐந்துக்கு எழுதச் சொன்னால், இவள் ஏழுக்கும் எழுதினாள். முதல் எழுதிய ஐந்தைத்தான் திருத்துவார்கள். அந்த ஐந்தில் இரண்டைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததுக்கு ஓடியிருக்கிறாள். முழுக்கச் சரியாகச் செய்த இரண்டும் யாரும் பாராமல் கடைசியில் கிடந்தன. உலகத்தில் வேறு யாராவது இப்படித் தவறுவார்களா என்று எனக்கு இப்போதும் ஆற்றாமையாக இருக்கும்.

ஒருநாள் கொப்பி வாங்க அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். தகப்பன் ஒரு காலத்தில் தெற்கில் கடை வைத்திருந்தவர். இப்போது முன் விறாந்தையில் கதிரையில் இருந்து இருமிக்கொண்டிருந்தார். தாய் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு என்னோடு கதைத்தார்.

“தமையன் கனடாவிலை ஒரு பெடியனைப் பேசி வைச்சிருக்கிறான் பிள்ளை. நல்ல இடம். அவையள் எத்தினை நாளைக்குக் காத்துக்கொண்டிருப்பினம்? இவளும் இந்தமுறை, அடுத்தமுறை எண்டு இழுக்கிறாள். மூண்டு தரத்துக்கு மேலை அரசாங்கமே விடுகுதில்லை. நான் மட்டும் என்னெண்டு விடுறது?”

“அம்மா, மூண்டாந்தரம் இன்னும் முடியேல்லை!” என்று அறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

தாயைக் குறை சொல்ல என்னால் ஏலாது. இருமல் சத்தம் கேட்கிற வீட்டில், ஒரு பெண்பிள்ளையை ஒரு கரையில் சேர்த்துவிட வேண்டும் என்று அவருக்கும் அவதிதானே. பொறியியல் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, கணிதம் படிக்க ஓரிடம் கிடைத்தால் கலியாணத்தைத் தள்ளி வைக்கலாம் என்று தகப்பன் வாக்குக் கொடுத்திருந்தார். கிடைக்காவிட்டால் மறுபேச்சில்லை. அதுதான் ஒப்பந்தம்.

என்னைப் படலைவரை கொண்டுவந்து விட்டபோது அழுதாள். “நான் வேறை என்னடி கேட்டனான்? நகையோ, உடுப்போ? கணக்குப் படிக்க விடுங்கோ எண்டுதானே கேக்கிறன்.” அழுகையும் அவதிதான். நான் என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கையிலேயே கண்ணைத் துடைத்து, மூக்கை உறிஞ்சி, “சரி போ, பஸ் வரப்போகுது” என்று என்னைத் துரத்திவிட்டாள்.

பரீட்சைக்கு முதல் நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போனோம். அவள் தாயின் நேர்த்திக்கடன். குறிகட்டுவானில் வள்ளம் ஏறும்போதே, “இந்தப் பெட்டையைப் பிடிச்சுக்கொள்ளு” என்று தாய் என்னிடம் சொன்னார். யார் பிடிப்பது? இறங்குதுறையில் வள்ளம் அணைவதற்கு முன்னரே பாய்ந்துவிட்டாள். ஆள் கரையில், ஒரு செருப்புக் கடலில். படகோட்டி தலையில் கைவைத்துக்கொண்டு, “தங்கச்சி, அம்மாளாச்சி எங்கையும் ஓடிப்போக மாட்டா!” என்றார். மற்றச் செருப்பையும் கழற்றித் தாயிடம் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு சூடான தெருவில் முன்னுக்கு நடந்தாள்.

திரும்பி வரும்போது, “அம்மாளிட்டை என்ன கேட்டனீங்கள்?” என்றேன். கம்பஸ், பல்கலைக்கழகத்தில் ஓரிடம், என்பாள் என்று நினைத்தேன்.

“ஆறுதல் கேட்டனான்.”

இதையும் வெளியூர்க்காரருக்குச் சொல்லியாக வேண்டும். அவர்களுக்கு ஆறுதல் என்றால் துக்கத்துக்குத் தேறுதல். எங்களுக்கு அவசரப்படாமை. ‘ஆறுதலா வா’ என்றால் மெதுவாக வா. ஓடாமல் ஒரு வினாத்தாளை வாசிக்கிற புத்தியைத் தா என்றுதான் அவள் கேட்டாள். அம்மாள் அதை எந்த ஊர்ப் பேச்சில் எடுத்துக்கொண்டாவோ தெரியாது.

கேட்டதோடு நிற்கவில்லை. பயிற்சியும் தொடங்கினாள். பழைய வினாத்தாளை மடியில் வைத்து, ஒவ்வொரு சொல்லாக விரலால் தொட்டு, பஸ்ஸிலேயே வாய்விட்டு வாசிப்பாள். “சார்பு... ஒன்றின்... வரைபு...” முன் சீற்றில் கடகத்தோடு இருந்த மீன்கார அம்மா திரும்பிப் பார்த்து, “என்ன பிள்ளை, தேவாரமோ?” என்றார். பஸ் முழுக்கச் சிரிப்பு. அவள் மட்டும் சிரிக்காமல் அடுத்த சொல்லைத் தொட்டாள். அவள் தன்னோடேயே மல்லுக்கட்டுவதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

முடிவைச் சொல்லிவிடுகிறேன், இழுக்கவில்லை. மூன்றாம் தரமும் அவளுக்குக் கம்பஸ் கிடைக்கவில்லை. மயிரிழையில் போனது. எனக்குக் கிடைத்தது. அவள் கேட்டது எனக்குக் கிடைத்தது என்பதை நான் எங்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. அவள் கனடா போன நாளில் வான் வாசலில் நின்றுகொண்டிருந்தது. “கெதியா, கெதியா, வெளிக்கிடு!” என்று வீடே அந்தரப்பட்டது. அவள் படியில் குந்தியிருந்து செருப்பு வாரை ஒவ்வொரு துளையாகப் பார்த்து மாட்டிக்கொண்டிருந்தாள். “அவதிப்படாதேங்கோ அம்மா” என்றாள். அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததைக் கேட்டு நான் வேலிப்பக்கம் திரும்பிக்கொண்டேன். இப்போதும் இடைக்கிடை கோல் எடுப்பாள். ஹலோ சொன்னால், அந்தப் பக்கம் ஒரு மூச்சு கேட்கும். பிறகுதான் பேச்சு வரும், நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக. அம்மாள் ஆறுதலைக் கொடுக்கத்தான் செய்தா. எங்கள் ஊர் ஆறுதலை.

அந்த ஆறுதல் அவளில் வந்து ஏறிய பின்னேரம் எனக்குத் தெரியும். நான் பக்கத்தில் இருந்தேன்.

பரீட்சை ஊர்காவற்றுறையில். ஒரே பள்ளிக்கூடம், வேறு வேறு மண்டபம். முடிந்ததும் இறங்குதுறைப் பக்கத்து பஸ் தரிப்பில் சந்திப்பதாகப் பேச்சு. அன்றும் ஓடித்தான் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“எடியே, கடைசி நிமிசம் மட்டும் இருந்தனான்! பக்கம் ஒட்டியிருக்கோ எண்டு ஒவ்வொண்டாத் தடவிப் பாத்தனான். அஞ்சே அஞ்சு கேள்வி. அஞ்சும் முழுக்க. அந்த வகையீட்டுக் கணக்கு வலு சுகம் என்ன?”

“ஓமக்கா, சுகந்தான். a மைனஸ் ஆறு, b ஒன்பது.”

“மைனஸ் ஏழு. பதினைஞ்சு” என்றாள்.

என்னைப் பார்த்தாள். என் முகம் மாறியிருக்க வேண்டும். உடனே என் தோளில் கைபோட்டாள். “சரி சரி, அழாதை. படிமுறைக்கு மார்க்ஸ் வரும். உனக்கு இது முதல்தரந்தானே. எங்கை பிழைச்சனீ எண்டு பாப்பம். நீ வாசி, நான் எழுதுறன்.” எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே கொப்பியை எடுத்தாள். நான் வினாத்தாளை விரித்து வாசித்தேன்.

“f(x) சமன் x³ + ax² + bx. x = 1 இல் f இன் பெறுமதி 4 உம், x = 3 இல் f இன் பெறுதி 0 உம் ஆகும். a, b ஐக் காண்க.”

பேனை நின்றது.

“திருப்பி வாசி.”

வாசித்தேன்.

“முதலாவது பெறுமதியோ?”

“பெறுமதி.”

“‘ம’ இருக்கோ?”

“ஓமக்கா. ‘ம’ இருக்கு.”

வினாத்தாளை என் கையிலிருந்து வாங்கினாள். அந்தச் சொல்லின் நடுவில் பெருவிரலை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

இரண்டையும் பெறுதி என்று எடுத்திருக்கிறாள். x க்கு ஒன்றைப் போட்டு நாலு என்று எழுத வேண்டிய இடத்தில் வகையிட்டுவிட்டு ஒன்றைப் போட்டிருக்கிறாள். பிழையான கணக்கென்றால் பின்னமாகவோ குறுக்காகவோ ஏதாவது வந்து மனிசரை எச்சரிக்க வேண்டாமா? இது எச்சரிக்கவில்லை. மைனஸ் ஏழு, பதினைந்து என்று முழு எண்ணாக, அழகாக வந்து நின்றிருக்கிறது. அதற்குப் பிறகு கேட்ட திரும்பற் புள்ளி, வரைபு எல்லாம் அதன்மேல் கட்டியவை. ஒவ்வொரு சொல்லாக விரலால் தொட்டுத்தான் வாசித்திருக்கிறாள். விரல் நின்றிருக்கும். கண் ஓடியிருக்கும்.

“முதல்தரம் ஒரு பக்கத்தை விட்டனான். இந்தத்தரம் ஒரு எழுத்து. முன்னேறியிருக்கிறன் என்ன?” என்றாள்.

பஸ் வந்தது. நான் பழக்கத்தில் ஓடிப்போய் ஒரு காலைப் படியில் வைத்தேன். அவள் எழும்பவில்லை.

“அவதி! ஏறும் பிள்ளை, வெளிக்கிடப் போறம்!” என்று கொண்டக்டர் அண்ணை கத்தினார். அவள் பஸ் பக்கம் பார்க்கவேயில்லை. நான் காலை எடுத்தேன். பஸ் போனது.

அவளுக்குப் பக்கத்தில் வந்து இருந்தேன். காரைநகர்ப் பக்கம் போகிற படகு ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. அவள் சொன்னதையே அவளுக்குச் சொன்னேன். “பெறுதி சைபர் எண்டா பஸ் இல்லாமலோ போச்சு? நீங்கள்தானே அக்கா சொன்னனீங்கள், இடம் கிடந்த மாதிரியே கிடக்கும் எண்டு.”

“மூண்டைப் போட்டுப் பார்” என்றாள்.

“என்னத்துக்கு?”

“இது எனக்கு மூண்டாந்தரம். x க்கு மூண்டைப் போட்டுப் பார். நான் செய்த கணக்கிலை மூண்டிலை பெறுதி சைபர். ஆனா பெறுமதி ஒன்பது வருது. அதை அங்கை வடிவாக் கீறிப்போட்டு வந்தனான். இப்ப உன்ர கணக்கிலை போடு. சரியான கணக்கிலை.”

போட்டேன். போட்டிருக்கக் கூடாது, ஆனால் கை போட்டுவிட்டது. இருபத்தேழு. கழித்தல் ஐம்பத்து நாலு. கூட்டல் இருபத்தேழு.

“என்ன வருது?”

நான் கொப்பியை மூடினேன்.

“பெறுதியும் சைபர். பெறுமதியும் சைபர்” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன்.

“விசர்க்கதை கதையாதேங்கோ!” என்று கத்தினேன். தரிப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “அது வெறும் கணக்கு. கணக்கை ஆளிலை பொருத்துறதே?”

“நான் ஒண்டும் பொருத்தேல்லையடி. வாசிக்கிறன். இப்பதான் ஆறுதலா வாசிக்கிறன்.”

அடுத்த பஸ் வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. மறுபடி ஒரு காலைப் படியிலும் ஒரு காலை றோட்டிலும் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தக் கொண்டக்டருக்கு எங்களைத் தெரியாது. “கெதியா வாங்கோ தங்கச்சி, கெதியா!” என்று தகரத்தில் தட்டினார். அவள் வினாத்தாளை நாலாக மடித்தாள். பைக்குள் வைத்தாள். பையின் வாயைப் பூட்டினாள். பிறகு எழும்பி, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்து, நடந்து வந்தாள். அவள் வந்து சேரும்வரை நான் காலை எடுக்கவில்லை.